திரவ மருந்துகளும் கரைதிறனும்: பெற்றோர் அறிய வேண்டியவை

கரைதிறன் என்றால் என்ன?

குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட அளவு திரவத்தில் ஒரு பொருள் அதிகபட்சமாக எவ்வளவு கரையும் என்பதே அதன் கரைதிறன். சேவூர், ஆரணி பகுதிகளில் பட்டு நூலுக்குச் சாயமேற்றுவோர் சாயத்தூளை வெந்நீரில் கரைப்பதும் இதனால்தான். பெரும்பாலான பொருள்கள் சூட்டில் கூடுதலாகக் கரையும்.

எவ்வாறு அளவிடப்படுகிறது?

மருந்துத்தூளைத் தேவைக்கு மிகுதியாகத் திரவத்தில் இட்டு, மாறாத வெப்பநிலையில் நெடுநேரம் கலக்குவர். இனிக் கரையாது என்ற நிலையை எட்டியதும் வடிகட்டி, கரைந்துள்ள அளவைக் கருவியால் கணக்கிடுவர்.

25 டிகிரி செல்சியஸில் 5 மி.லி. நீரில் ஏறத்தாழ 70 மி.கி. பாராசிட்டமாலே கரையும். சிரப்பிலோ 5 மி.லி.க்கு 125 அல்லது 250 மி.கி. தேவை. ஆகவே கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற துணைக் கரைப்பான்கள் சேர்க்கப்படுகின்றன. எவ்வளவு சேர்த்தால் எவ்வளவு கரையும் என்பதைக் கணித மாதிரிகள் முன்கூட்டியே மதிப்பிடுகின்றன.

கரைப்பது எல்லாம் பாதுகாப்பானதா?

இல்லை. டைஎத்திலீன் கிளைக்கால் மருந்துகளை நன்கு கரைக்கும், இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. 1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு மருந்தை இதில் கரைத்து விற்றதால் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப் ஒன்றில் இந்நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்படும் உச்ச அளவு 0.1 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்தில் அதை உட்கொண்ட குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். நிறம், மணம், சுவை ஆகியவற்றைக் கொண்டு இந்நச்சைக் கண்டறிய இயலாது. ஆய்வகப் பரிசோதனை தேவை.

கவனிக்க வேண்டியவை

• இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. மருத்துவர் ஆலோசனையின்றித் தர வேண்டாம்.
• ‘சஸ்பென்ஷன்’ என்று அச்சிட்ட மருந்தில் தூள் கரையாமல் மிதக்கும். ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்கிய பின்னரே அளந்து கொடுக்கவும்.
• தெளிவான சிரப்பில் படிகங்கள் தென்பட்டால் பயன்படுத்தாமல் மருந்தாளுநரிடம் காட்டவும்.
• லேபிளில் குறிப்பிட்டிருந்தால் மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்.
• மருந்து முடியும் வரை புட்டியையும் ரசீதையும் பாதுகாக்கவும்.

எப்போது உடனடி சிகிச்சை தேவை?

சிரப் கொடுத்த பின் சிறுநீர் குறைதல் அல்லது நின்றுபோதல், தொடர் வாந்தி, வயிற்றுவலி, மிகுந்த மயக்கநிலை ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருந்தை நிறுத்தி, புட்டியுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கவும்.