ஒரு சட்டைக்கு 21 லட்சமா? 30 வருஷமாகியும் 'மிஸ்டர் டார்சி' கிரேஸ் குறையாதது ஏன்?

2024 மார்ச் மாசம் லண்டனில் ஒரு பழைய வெள்ளைச் சட்டை ஏலத்துக்கு வந்தது. போன விலை 20,000 பவுண்டு. நம்ம ஊர் கணக்கில் சுமார் 21 லட்சம் ரூபாய். ராஜா போட்டதும் இல்லை, கிரிக்கெட் வீரர் போட்டதும் இல்லை. 1995-ல் பிபிசியில் ஓடிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் நடிகர் காலின் ஃபர்த் போட்டிருந்த சட்டை அது.

பிரிட்டிஷ் பீரியட் டிராமா ரசிகர்களிடம் 'நனைந்த சட்டை' என்று சொன்னாலே போதும், எந்த சீன் என்று புரிந்துவிடும்.

யார் இந்த டார்சி?

ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட நாவலின் நாயகன். வருஷத்துக்கு 10,000 பவுண்டு வருமானம், பெரிய மாளிகை, அதைவிடப் பெரிய திமிர். நாயகி எலிசபெத் பென்னட் அவரை மூஞ்சியில் அடிச்ச மாதிரி நிராகரிக்கிறார். அதற்குப் பிறகு மனுஷன் மெல்ல மாறுகிறார். கதை அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்கணும். நாவல் முழுக்க எலிசபெத்தின் பார்வையில் நகரும். டார்சி தனியாக இருக்கும்போது என்ன செய்கிறார், எப்படித் தவிக்கிறார் என்பதை ஆஸ்டின் காட்டுவதில்லை. திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் கை வைத்தது அந்த இடத்தில்தான். டார்சி குளிக்கிறார், வாள் சண்டை பழகுகிறார், மனப்புழுக்கம் தாங்காமல் ஏரியில் குதிக்கிறார். எதுவும் நாவலில் கிடையாது.

அதுவரை பெரும்பாலான படங்களில் கேமரா நாயகியைத்தான் மேலும் கீழுமாகப் பார்க்கும். இங்கே அது நாயகன் பக்கம் திரும்பியது. ஏங்குவதும் ஆண்தான், பார்க்கப்படுவதும் ஆண்தான். முத்தத்துக்குக்கூட கடைசி எபிசோடு வரை காத்திருக்கணும். பெண் ரசிகர்கள் கொண்டாடினார்கள் என்றால் அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

பிரிட்டனில் இதற்கு 'டார்சிமேனியா' என்றே பேர் வந்தது. கடைசி எபிசோடு ஒளிபரப்பாகும் வாரத்தில் வீடியோ கேசட் விற்பனைக்கு வந்தது. முதலில் அச்சிட்ட 12,000 செட்டும் 2 மணி நேரத்தில் காலி. ஒரே வாரத்தில் 70,000 செட் விற்றது. இத்தனைக்கும் அதே கதை டிவியில் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது!

இப்போ ஒரு ட்விஸ்ட்

காலின் ஃபர்த் ஏரியிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து வரும் காட்சி ஞாபகம் இருக்கா? இருந்தால், அது உங்கள் கற்பனை. தொடரில் அப்படி ஒரு ஷாட்டே இல்லை. அவர் குதிப்பது வரும், தண்ணீருக்குள் நீந்துவது வரும், அடுத்து ஈரச் சட்டையோடு நடந்து வந்து எலிசபெத் முன்னால் திருதிருவென முழிப்பது வரும். குதித்ததும் ஃபர்த் இல்லை, டூப். நீருக்கடியில் வரும் காட்சி ஸ்டூடியோ தொட்டியில் எடுக்கப்பட்டது.

ஆனாலும் 2013-ல் லண்டன் ஹைடு பார்க் ஏரியில் 12 அடி உயர டார்சி சிலையை வைத்தார்கள். எப்படி? இடுப்பளவு தண்ணீரில் எழுந்து வருகிற மாதிரி! இல்லாத காட்சிக்குச் சிலை வைக்க வைத்தது ரசிகர்களின் ஞாபகம்தான். பிறகு அந்தச் சிலை, தொடரை எடுத்த செஷயர் பகுதியின் லைம் பார்க் மாளிகைக்கும் போய் வந்தது.

ஒரு கை போதும்

2005-ல் ஜோ ரைட் இயக்கிய படத்தில் மேத்யூ மெக்ஃபேடியன் டார்சி ஆனார். இதில் சட்டையும் இல்லை, ஏரியும் இல்லை. எலிசபெத் வண்டியில் ஏற ஒரு நொடி கை கொடுக்கிறார். திரும்பி நடக்கும்போது அந்தக் கை விரல்கள் மட்டும் விரிந்து மடங்குகின்றன. சில நொடி ஷாட். இன்றைக்கும் ரீல்ஸில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2025-ல் படத்தின் 20-வது வருஷத்துக்கு அமெரிக்காவில் ரீ-ரிலீஸ் செய்தபோது, அந்தக் கையைப் போட்ட பொருட்களையும் விற்றார்கள்.

டார்சி மட்டும்தானா என்றால், இல்லை. 2004-ல் 'நார்த் அண்ட் சவுத்' தொடரில் மில் முதலாளியாக வந்த ரிச்சர்ட் ஆர்மிடேஜைத் தேடி ரசிகர்கள் குவிந்ததில், பிபிசி இணையதளத்தின் கருத்துப் பகுதியே முடங்கியது. 1995-ல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' படத்தில் கர்னல் பிராண்டனாக வந்த ஆலன் ரிக்மேனுக்கும் தனிக் கூட்டம் உண்டு. அந்த நாவல்தான் 2000-ல் தமிழில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆனது. மம்மூட்டியின் மேஜர் பாலா பாத்திரம் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், நீங்களும் கிட்டத்தட்ட பிராண்டன் ரசிகர்தான்.

மறக்கப்பட்டவர் யார்?

1995 தொடருக்காக சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருது வாங்கியவர் எலிசபெத்தாக நடித்த ஜெனிஃபர் ஈல். ஃபர்த் பரிந்துரை பட்டியலில் இருந்தார், விருது கிடைக்கவில்லை. ஆனால் இன்று சிலையும் ஏலமும் யாருக்கு என்று பாருங்கள். கதையை முழுக்கத் தாங்கியவர் அவர். ரசிகர் வெறியின் கணக்கில் அவர் பெயர் கடைசியில்தான் வருகிறது. இது கொஞ்சம் அநியாயம்தான்.

ஃபர்த்துக்கும் அது லேசான சுமை இல்லை. 2001-ல் 'பிரிட்ஜட் ஜோன்ஸ்' படத்தில் அவருக்கு வந்த பாத்திரத்தின் பெயரே மார்க் டார்சி. 2011-ல் 'தி கிங்ஸ் ஸ்பீச்'சுக்காக ஆஸ்கர் வாங்கிய பிறகும் ஏரி சீன் அவரை விடவில்லை.

நம்ம கனெக்‌ஷனும் இருக்கு

2022-ல் வந்த 'பிரிட்ஜர்டன்' இரண்டாவது சீசன். தயாரிப்பு அமெரிக்கா, களம் பிரிட்டன். நாயகி கேட் ஷர்மாவாக சிமோன் ஆஷ்லி, தங்கை எட்வினாவாக சரித்ரா சந்திரன். இருவருமே தமிழ்க் குடும்பப் பின்னணி கொண்டவர்கள். மூல நாவலில் அந்த நாயகி வெள்ளைக்கார கேட் ஷெஃபீல்டு. மாநிறத்துக்கும் கருமையான ஒரு பெண், பிரிட்டிஷ் பீரியட் கதையில் வேலைக்காரியாக இல்லாமல் பிரபு ஏங்கும் நாயகியாக வந்தது சின்ன விஷயம் இல்லை.

என்ன, ஒரே வீட்டில் அப்பாவை 'அப்பா' என்றும், அக்காவை 'தீதி' என்றும், தங்கையை வங்காளத்தில் 'போன்' என்றும் கூப்பிடுவார்கள். அது எந்த ஊர்க் குடும்பம் என்று மட்டும் கேட்காதீங்க. அந்த சீசனிலும் நாயகன் ஜோனதன் பெய்லி ஏரியில் விழுந்து, வெள்ளைச் சட்டையோடு நனைந்து வருவார்.

நெட்ஃப்ளிக்ஸ் 2025-ல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' கதையை 6 எபிசோடு தொடராக மறுபடி எடுப்பதாக அறிவித்தது. இந்த முறை டார்சி ஜாக் லவுடன், எலிசபெத் எம்மா கொரின்.