குடியானவனைத் தேடி வந்த கிளாஸ்கோக்காரர்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. வில்லாளி ஓரி ஆண்ட மலை. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் உள்ள மலை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்று சொல்லும் மலையாளி மக்கள், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்துக் காலங்காலமாக வாழ்ந்து வரும் மலை. இந்த மலையையும் வெள்ளைக்காரரையும் சேர்த்துப் பேசினால் பலருக்கும் நினைவுக்கு வருவது தொழுநோய் மருத்துவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். ஆனால் அவருடைய பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள். நாம் இந்தத் தொடரில் தேடிக்கொண்டிருப்பது ஸ்காட்லாந்துக்காரர்களை. அவர்களில் மிக முக்கியமானவரைச் சந்திக்க மலையிலிருந்து இறங்கிச் சேலம், தருமபுரிச் சமவெளிக்குப் போக வேண்டும். ஆண்டு 1792.

ஒரு சின்ன நாடு

அதற்கு முன் ஸ்காட்லாந்தைப் பற்றிச் சில வரிகள். 1801இல் எடுத்த கணக்கின்படி அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 16 லட்சம் பேர்தான். மண் வளம் குறைவு, குளிர் அதிகம். ஆனால் ஊருக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று 1696லேயே சட்டம் போட்ட நாடு அது. ஆடம் ஸ்மித் பாடம் சொன்ன கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அங்கே இருந்தது. நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டும் அந்த மண்ணின் பிள்ளை. படித்த இளைஞர்கள் நிறைய, உள்ளூரில் வேலை குறைவு. 1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கதவு அவர்களுக்குத் திறந்தது. மருத்துவராக, நில அளவையாளராக, சிப்பாய்ப் படை அதிகாரியாக அவர்கள் கப்பலேறினார்கள்.

அப்படி வந்தவர்தான் தாமஸ் மன்றோ. 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் வெடித்ததும் அந்த வணிகம் முறிந்து, குடும்பம் கடனில் மூழ்கியது. பல்கலைக்கழகத்தில் படித்த பையன், கம்பெனிப் படையில் கடைநிலைப் பயிற்சி வீரனாகச் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னை வந்து இறங்கினான். அதே ஆண்டில் மைசூரின் ஹைதர் அலி ஆற்காட்டுச் சமவெளியில் புயலாக நுழைந்தார்.

இரண்டு மன்றோக்கள்

அந்தப் போரில் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு மன்றோதான். ஹெக்டர் மன்றோ. பக்சார் போரில் வென்று புகழ் பெற்றவர். ஆனால் 1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கியபோது, சில மைல் தொலைவில் இருந்தும் அவரால் உதவிக்குப் போய்ச் சேர முடியவில்லை. பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அந்தப் படையில் நடந்து திரும்பியவர்களில் பத்தொன்பது வயது தாமஸும் ஒருவர்.

ஹெக்டர் மன்றோ பின்னர் நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தார். ஊர் திரும்பியதும், ஸ்காட்லாந்தின் வடக்கே ராஸ் வட்டாரத்தில் தம் பண்ணைக்கு மேலிருந்த குன்றின் உச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயலில் ஒரு கல் நினைவுச்சின்னம் எழுப்பினார். ஃபைரிஷ் நினைவுச்சின்னம் என்ற பெயரில் அது இன்றும் நிற்கிறது.

அதே வட்டாரத்தில் 1792இல் ஒரு கொந்தளிப்பு எழுந்தது. கம்பளி நல்ல விலைக்குப் போனதால் நிலக்கிழார்கள் குத்தகைக் குடியானவர்களை வெளியேற்றிவிட்டு, மலைச்சரிவுகளை ஆட்டுப் பண்ணைக்காரர்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாத குடியானவர்கள் திரண்டு ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். படையை வரவழைத்து அவர்களை அடக்கினார்கள். 'ஆடுகளின் ஆண்டு' என்று ஸ்காட்லாந்து மலைமக்கள் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஹெக்டர் மன்றோ அந்த வட்டாரத்து நிலக்கிழார்களில் ஒருவர். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குக் குடியானவன் பெயரில் ஒரு தாளும் இல்லாததே அங்கே நடந்த கொடுமையின் வேர்.

அதே 1792இல், அதே பெயர் கொண்ட இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் நம் ஊரில் நேர் எதிரான வேலையைத் தொடங்கினார்.

பாராமகாலில் ஏழு ஆண்டுகள்

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையால் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம் சீமையையும் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் பகுதிகள் இவை. கொல்லிமலையின் அடிவாரம் கம்பெனியின் கைக்கு வந்தது இப்படித்தான். நாட்டு மொழி தெரிந்த, குடிகளோடு பேசத் தெரிந்த சிவில் அதிகாரிகள் சென்னையில் அரிதாகவே இருந்ததால், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இந்தச் சீமையைப் படை அதிகாரியான அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைத்தார். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள். வடக்கே கிரகாம், நடுவே தருமபுரிப் பக்கம் தாமஸ் மன்றோ, தெற்கே சேலம், நாமக்கல் பக்கம் மக்லியோட்.

அதற்கு முன் வரி எப்படி வசூலானது? ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரு தொகை. அல்லது ஏலம் எடுத்த இஜாரதாரர் கொடுக்கும் தொகை. யார் எவ்வளவு உழுதார், யார் எவ்வளவு கட்டினார் என்பது அரசுக்குத் தெரியாது. இடையில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். வங்காளத்தில் காரன்வாலிஸ் 1793இல் ஜமீன்தார்களையே நில உடைமையாளர்கள் என்று நிலைநிறுத்திவிட்டார். பாராமகாலில் ரீடும் மன்றோவும் நிலம் அளக்கும் சங்கிலியைக் கையில் எடுத்தார்கள். 1793 முதல் 1798 வரை வயல் வயலாக அளந்தார்கள். நஞ்சையா, புஞ்சையா, தோட்டமா, மண் என்ன தரம், உழுகிறவர் யார், எவ்வளவு தீர்வை என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். 1796 டிசம்பர் 10இல் ரீட் வெளியிட்ட அறிக்கை, குடியானவர் ஒவ்வொருவரும் அரசோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறைக்கு அடித்தளமானது. ரயத்துவாரி முறையின் தொட்டில் பாராமகாலும் சேலம் சீமையும்தான்.

இந்தச் சாதனையைப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சங்கிலி பிடித்தவரும் கணக்கு எழுதியவரும் நம் ஆட்கள். எந்த வயல் எத்தனை வள்ளம் விதைப்பாடு, எந்த ஏரி எத்தனை வயலுக்குப் பாயும் என்பதெல்லாம் கணக்குப்பிள்ளையின் ஓலையிலும் மணியக்காரரின் நினைவிலும் இருந்தவை. மன்றோவின் தனிச்சிறப்பு, அந்த அறிவை மதித்துக் கேட்டது. கச்சேரியில் உட்கார்ந்து மனு வாங்காமல், கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களோடு பேசினார். 1799இல் கன்னட நாட்டுக் கடற்கரைச் சீமைக்கு மாற்றல் வந்தபோது மனமில்லாமல்தான் பாராமகாலை விட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஒரு சறுக்கல் நேர்ந்தது. ஜமீன்தாரி முறையே மேல் என்று கம்பெனி மேலிடம் முடிவெடுத்து, சேலம் மாவட்டத்தை மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாக வெட்டி ஏலம் விட்டது. மிட்டாதார்கள் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் நொடித்தார்கள். அந்த நேரத்தில் மன்றோ பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை பகுதிகளில் 1800 முதல் 1807 வரை ரயத்துவாரியை நடத்திக்காட்டிக்கொண்டிருந்தார். வரி மிக அதிகம், நாலில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று 1807இல் எழுதினார். அரசு கேட்கவில்லை. லண்டன் போய் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். 1820இல் சென்னையின் கவர்னராகத் திரும்பி வந்தார். அந்த ஆண்டே ரயத்துவாரி சென்னை மாகாணத்தின் பொது முறையானது. அவர் கேட்ட குறைப்பும் நடைமுறைக்கு வந்தது.

அதே காலத்தில் பம்பாயின் கவர்னர் மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன், அவருக்குப் பின் ஜான் மால்கம். இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்களே. இந்தியாவின் தெற்கும் மேற்கும் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன நாட்டின் பிள்ளைகள் கையில் இருந்தன.

கணக்கெடுத்த பள்ளிகள்

மன்றோவின் இன்னொரு கொடையை நாம் போதிய அளவு பேசுவதில்லை. 1822 ஜூனில் அவர் எல்லா மாவட்டக் கலெக்டர்களுக்கும் ஓர் ஆணை அனுப்பினார். ஊரில் எத்தனை திண்ணைப் பள்ளிகள், யார் படிக்கிறார்கள், என்ன சாதி, ஆணா பெண்ணா, என்ன பாடம் என்று கேட்டார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தான் என்ற பேச்சுக்கு வெள்ளைக்காரர் கையாலேயே எழுதப்பட்ட மறுப்பு இது. இந்தப் பதிவுகளைத் திரட்டித்தான் ஆய்வாளர் தரம்பால் 1983இல் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார்.

1824இன் கடைசி நாளில் மன்றோ எழுதிய நீண்ட குறிப்பில், இந்தியர்களை உயர்ந்த பதவிகளில் அமர்த்தாமல் நல்லாட்சி நடத்த முடியாது என்று வாதிட்டார். கம்பெனி அதைச் செய்யவில்லை. 1827 ஜூலை 6இல், விடைபெறும் பயணத்தில் இருந்தபோது, இன்றைய கர்னூல் மாவட்டத்துப் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். அனந்தப்பூர்ப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரை மீது அமர்ந்திருக்கும் சிலை அவருடையதுதான்.

மறுபக்கம்

புகழ்ச்சியோடு நிறுத்தினால் வரலாறாகாது. ரயத்துவாரியில் இடையாள் போனார். அந்த இடத்தில் அரசே கடுமையான வசூல்காரராக உட்கார்ந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் கிஸ்தி நின்றபாடில்லை. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தது உண்மை என்று 1855இல் சென்னை மாகாணத்து விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது. உழுத கூலியாள் பெயர் பட்டாவில் ஏறவேயில்லை. ஏறியது நிலத்தைக் கையில் வைத்திருந்தவர் பெயர்தான்.

மலைக்கு வந்த கணக்கு இன்னும் வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். இன்று கொல்லிமலையில் காப்பியும் மிளகும் மலைமக்களின் கைக்காசு என்றால், இந்த வட்டாரத்தில் அதற்குத் தொடக்கம் அங்கேதான். சென்னையில் ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் படித்த ஹியூ கிளெக்ஹார்ன் 1856இல் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார். ரயில் பாதைக் கட்டைகளுக்காகவும் விறகுக்காகவும் காடு அழிவதைக் கண்டு எச்சரித்தவர் அவர். அதற்காக நாம் நன்றி சொல்லலாம். ஆனால் காட்டை வெட்டி எரித்து மாற்றி மாற்றிப் பயிரிட்ட மலைமக்களையும் அந்த அழிவுக்குக் காரணமாகக் கண்டார். 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் மலைகளில் எல்லைக் கல் நட்டது. கல்லுக்கு உள்ளே போன இடம் சர்க்கார் காடு. சமவெளியில் குடியானவனைத் தேடிப் போய்ப் பெயரைக் கேட்ட நிர்வாகம், மலையில் மரத்தை எண்ணியது, மனிதரிடம் கேட்கவில்லை.

ஸ்காட்லாந்தின் ராஸ் மலைகளில் 1792இல் நடந்ததும் இதன் இன்னொரு வடிவம்தான். அங்கே ஆட்டுக்காக, இங்கே மரத்துக்காக. எழுத்தில் பெயர் இல்லாதவர் முதலில் நிலத்தை இழக்கிறார். இதைத் தாமஸ் மன்றோ தம் நாற்பது வயதுக்குள் புரிந்துகொண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பாடத்தை மலை மேல் கொண்டுபோகவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்த விடுபட்ட வேலையை முடிக்க வந்த சட்டம். காட்டோரத்தில் தலைமுறைகளாக உழுதவரின் உரிமையைக் கிராம சபையே முதலில் விசாரிக்க வேண்டும் என்கிறது அது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாராமகாலில் செய்தது போல, அந்த இடத்திலேயே, அந்த மக்களிடமே கேட்டு. தமிழ்நாட்டில் அது நீதிமன்ற வழக்குகளால் தாமதமாகவே நடைமுறைக்கு வந்தது. கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் கல்வராயனிலும் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர்க் கிராம சபை கூடும் நாளில் வன உரிமை மனுக்களின் நிலை என்ன என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வருவாய்த்துறை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் நடத்தும் ஜமாபந்தியின் முன்னோடிகள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு குடியானவரைத் தேடிப் போனவர்கள். நீங்களும் மலையேறிப் போங்கள்.