தொரட்டியும் ஒரு சட்டமும்

நேத்து காலைல மங்காஃப்ல எங்க பில்டிங் வாசல்ல ஒருத்தர், நீளக் கம்பு நுனியில ரம்பத்தை மாட்டி உசரக் கிளைகளை அறுத்துட்டிருந்தார். முதல்ல அடியில லேசா ஒரு கீறல், அப்புறம் மேலேர்ந்து அறுப்பு. இல்லேன்னா கிளை பாரத்துல முறிஞ்சு, மரத்துப் பட்டையையும் உரிச்சிட்டுப் போயிடும்.

சட்டுனு தாத்தாவோட தொரட்டி ஞாபகம் வந்துடுச்சு. மூங்கில் கழி, நுனியில சின்ன அரிவாள். கோடைல புல்லு காய்ஞ்சா அவர் இழுத்துப் போடற வேப்பங்கொப்பும் கருவேலங்கொப்பும்தான் ஆட்டுக்குச் சோறு.

அந்தத் தொரட்டிக்குப் பின்னால ஒரு சரித்திரம் இருக்குங்க. ரயிலுக்குக் கட்டையும் விறகும் ஏராளமா தேவைப்பட்ட காலம். 1882ல சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. காப்புக்காட்டுல அனுமதியில்லாம மரத்தை வெட்டறது மட்டுமில்ல, கிளை கழிக்கறதும் ஆடு மேய்க்கறதும்கூட குற்றம்னு ஆச்சு. தமிழ்நாடு வனச் சட்டம்ங்கற பேர்ல அது இன்னிக்கும் இருக்கு.

மொட்டையடிச்சா மரம் செத்தும் போகலாம், அது நிஜம்தான். ஆனா கொழுந்தை விட்டு வெட்டத் தெரிஞ்சவரையும், மொட்டையடிச்சவரையும் சட்டம் ஒரே தராசுல வெச்சிடுச்சு. தாத்தா ரெண்டு தடவை அபராதம் கட்டியிருக்கார். ரெண்டாவது தடவை ஒரு ஆட்டை வித்துத்தான் கட்டினாராம்.

இங்க அதே வேலைக்குச் சம்பளம் தர்றாங்க. கீழே விழுந்த தழையைத்தான் தின்ன ஒரு ஆடு இல்லை.

உங்க ஊர்ல தொரட்டிக்கு என்ன பேருங்க? சொல்லிட்டுப் போங்க.