மையில்லா எழுதுகோல்

சித்திரக்காரனின் கோடு உயிர்பெறுவது அதன் போக்கினால் மட்டுமன்று. அதன் கனத்தினாலும் ஆகும். விரல் அழுத்துமிடத்தில் தடித்தும் தளருமிடத்தில் மெலிந்தும் செல்வதே கையின் கோடு. இன்று அச்சுக்கும் விளம்பரத்துக்கும் ஓவியம் அமைப்போர் கணினியோடு இணைத்து வரைகின்ற மின்பலகையின் வரலாறு, இவ்விரண்டினையும் இயந்திரத்துக்குக் கற்பித்த வரலாறேயாகும். போக்கை அது முதலிற் கற்றது. கனத்தைக் கற்க ஏறத்தாழ நூறாண்டு சென்றது.

எலிசா கிறே என்னும் அமெரிக்கரை நேயர்கள் தொலைபேசியின் கதையில் அறிந்திருப்பீர்கள். 1876ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள், கிரகாம் பெல்லின் விண்ணப்பம் பதிவான அதே நாளில், தம் பத்திரத்தையும் சமர்ப்பித்துப் புகழை இழந்தவர் அவர். பாடநூல்கள் அவரை அவ்விடத்திலேயே கைவிட்டுவிடுகின்றன. ஆனால் 1888இல் அவர் வேறொரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒருவர் எழுத, எழுதுகோலிற் பூட்டிய நூல்கள் அதன் அசைவை மின்துடிப்புக்களாக்கின. கம்பிவழிச் சென்ற அத்துடிப்புக்கள் தொலைவிலிருந்த இன்னொரு கோலை அவ்வாறே அசைத்தன. 1893இற் சிக்காகோ உலகக் கண்காட்சியில் மக்கள் அதனைக் கண்டு வியந்தனர். கையொப்பம் கம்பியிற் பயணம் செய்யத் தொடங்கியது.

கணினி தோன்றிய பின்னர், 1963இல் ஐவன் சதர்லாந்து என்பார் ஒளிப்பேனாவினால் திரையின் மீதே வரைந்து காட்டினார். நிமிர்ந்து நிற்கும் திரையில் நெடுநேரம் கையுயர்த்தி வரைந்தால் தோள் நோகும் என்பதைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியருக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. மறு ஆண்டிலேயே, கலிபோர்னியாவிலுள்ள ராண்ட் நிறுவனத்தார் பலகையை மேசைமீது கிடத்தினர். பத்து அங்குலச் சதுரமான அப்பலகையில் அங்குலத்துக்கு நூறு கோடுகள். ஆகவே பத்து இலட்சம் புள்ளிகள். கை மேசையிலும் கண் திரையிலுமாகப் பிரிந்தன. எனினும் மனிதர் அதற்கு விரைவிற் பழகிக்கொண்டனர். ஆயினும் அதன் கோல், தான் பலகையிற் படுகின்றதா இல்லையா என்பதை மட்டுமே அறியும். பொறியியலாளனுக்கு அது போதும், ஓவியனுக்குப் போதாது.

அக்குறையைத் தீர்த்தோருள் முதன்மையானோர் யப்பானியர். 1983இல் தொடங்கப்பெற்ற வக்கொம் நிறுவனத்தின் பேனாவுக்கு வடமும் இல்லை, மின்கலமும் வேண்டியதில்லை. பலகையினுள் ஓடும் கம்பிகள் காந்தப்புலத்தை எழுப்ப, பேனாவினுள்ளிருக்கும் சிறு சுருள் அதனை ஏற்று அதிர்ந்து விடையிறுக்கும். நுனி அழுந்தும் அளவுக்கேற்ப அவ்விடையும் மாறுமாறு செய்தமையே பெரும் பேறு. தூரிகையின் தடிப்பும் மெலிவும் அன்றுதான் திரைக்கு வந்தன.

1998இல் 1024 ஆக இருந்த அழுத்தப் படிகள் 2017இல் 8192 ஆயின. அத்தனை வேறுபாட்டைக் கை உணருமோ என்பது ஐயமே. அவ்வெண்ணிக்கையில் வணிகத்தின் குரலும் கலந்திருக்கிறது. இதனினும் பெரிய மாற்றம், திரையே பலகையாகிக் கண்ணும் கையும் மீண்டும் ஓரிடத்திற் கூடியமைதான். எனினும், குனியாது நிமிர்ந்திருந்து வரையலாம் என்பதற்காகவே பழைய கரும்பலகையை விடாதிருக்கும் ஓவியர் இன்றும் உளர்.