கைக்கு வேலை, காதுக்குக் கதை

ஆங்கில அகராதிக்குத் தமிழ் கொடுத்த சொற்களைக் கணக்கெடுக்கும் அன்பர்கள் கட்டுமரத்தைச் சொல்வார்கள், மிளகுதண்ணீரைச் சொல்வார்கள். சுருட்டைச் சொல்ல மட்டும் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். ஆனால் ‘செரூட்’ என்று வெள்ளைக்காரர்கள் சொன்னது நம்முடைய சுருட்டைத்தான். 17ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லுக்குக் கப்பல் ஏறும் யோகம் வாய்த்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், சொல் நம்முடையது. செடி நம்முடையது அல்ல. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியருடைய கப்பலில் வந்தது. 1604ஆம் ஆண்டு வாக்கில் அசத் பேக் என்பவர் பீஜப்பூரிலிருந்து அதைக் கொண்டுபோய் அக்பர் பாதுஷாவின் முன்னே வைத்தார். மகன் ஜஹாங்கீர் 1617ல் புகை பிடிக்கவே கூடாது என்று உத்தரவு போட்டார். புகையிலை அந்த உத்தரவைப் பொருட்படுத்தவில்லை. தமிழ்நாட்டில் சீனிச்சர்க்கரைப் புலவர் அன்னத்தையும் கிளியையும் விட்டுவிட்டு, பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பினார். அந்தப் ‘புகையிலை விடு தூதை’ உ. வே. சாமிநாதையர் பதிப்பித்திருக்கிறார். சிவனுடைய வில்வமும் திருமாலுடைய துளசியும் தண்ணீரோடு போய்விட, பிரமனுடைய இலை மட்டும் போகாமல் நின்றதாம். ‘போகை இலை’தான் புகையிலை ஆயிற்று என்று ஒரு கதையும் அதில் உண்டு. அந்நியச் சரக்குக்கு இவ்வளவு சீக்கிரத்தில் புராணம் கிடைத்தது வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

பயிர் வந்தபின் தொழில் வந்தது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனியார் பெரிய சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினார்கள். ஒரு காலத்தில் சோழருடைய தலைநகராக இருந்த உறையூரில், சுருட்டுச் சுற்றுவது வீட்டுத் தொழிலாகவே ஆகிவிட்டது. ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ சீமையில் எவ்வளவு பிரசித்தம் என்றால், 1887ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார். வின்ஸ்டன் சர்ச்சில் தங்கள் வாடிக்கைக்காரர் என்று உறையூர்க்காரர்கள் சொல்வார்கள். கியூபா தேசத்தாரும் அப்படியே சொல்வார்கள். 1895ல் அவர் கியூபாவுக்குப் போனதும் உண்மை. அடுத்த ஆண்டே பெங்களூர்ப் பாளையத்தில் ராணுவ அதிகாரியாக வந்து இறங்கியதும் உண்மை. இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

அந்தப் பாளையத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, நான் குடியிருக்கும் ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாள் முதல், தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்த ஊர் இது. அப்படி ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிள்ளையோடு இருக்க வந்த உறையூர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். ஆயுள் முழுவதும் சுருட்டுச் சுற்றியவர். எனக்குப் புகை பிடிக்கும் வழக்கம் இல்லை. அது உடம்பை என்ன செய்யும் என்பதும் தெரியும். என்றாலும் அந்த வித்தையைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

“வாங்க தம்பி, உட்காருங்க” என்று பலகையை என் முன்னே நகர்த்தினார். முதலில் இலையை ஈரப்படுத்தி வைக்க வேண்டும். காய்ந்த இலை விரலில் நொறுங்கிவிடும். பிறகு நடு நரம்பை நுனியிலிருந்து ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். துண்டு இலைகளை ஒரே நீளமாக அடுக்கி, அதை ஓர் இலையில் வைத்துச் சுற்றுவது ஒரு படி. அதன்மேல் நல்ல இலையாகப் பொறுக்கி, சாய்வாக நறுக்கி, அடியிலிருந்து நுனி வரையில் சுற்றிக்கொண்டே போவது அடுத்த படி. கடைசி நுனியைப் பசை தொட்டு ஒட்டி, இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் சுருட்டு.

“இறுக்கினா இழுக்க வராது. தளத்தினா மளமளன்னு எரிஞ்சு போயிடும். விரலுக்குத்தான் அது தெரியணும், கண்ணுக்குத் தெரியாது தம்பி” என்றார்.

உண்மைதான். அவர் கண் ஒரு தடவைகூடக் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். கை தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. “கைக்குத்தானே வேலை? காது சும்மாதானே இருக்கு?” என்று சிரித்தார்.

சுருட்டுத் தொழிலின் சரித்திரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சும்மா இருந்த காதுதான். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் பலர் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். உலகச் செய்தி, உள்ளூர்ச் செய்தி, தொடர்கதை எல்லாம் கேட்டாகும். எழுத்து வாசனையே இல்லாதவர்கூட அடுத்த வாரத்து அத்தியாயத்துக்காகக் காத்திருப்பார்.

கியூபாவில் இதை ஓர் ஏற்பாடாகவே செய்துகொண்டார்கள். 1865ல் ஹவானா நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வாசகர் என்று ஓர் ஆளை நியமித்தார்கள். சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல. சுற்றுகிறவர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எதை வாசிப்பது என்பதும் அவர்கள் இஷ்டம். விக்டர் ஹியூகோவும் டூமாவும் அங்கே செல்லப்பிள்ளைகள். 1935ல் பிறந்த ‘மான்டி கிறிஸ்டோ’ என்ற சுருட்டுக்கு, தொழிலாளர் விரும்பிக் கேட்ட டூமாவின் நாவலிலிருந்தே பெயர் வைத்தார்கள் என்பார்கள். இந்த வாசிப்பைப் பார்த்து ஸ்பானிய அரசாங்கம் பயந்துபோய் 1866லேயே அதைத் தடை செய்தது. பிற்காலத்தில் மறுபடி தளிர்த்தது. அமெரிக்காவில் டாம்பா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1931ல் முதலாளிகள் வாசகர்களை நீக்கினார்கள். தொழிலாளர்கள் வேலை நிறுத்தமே செய்து பார்த்தார்கள். பிறகு வாசகர் இருந்த இடத்தில் ரேடியோ வந்து உட்கார்ந்தது.

நம் நாட்டில் வாசகரை யாரும் நீக்க வேண்டியிருக்கவில்லை. 1966ல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்காக ஒரு சட்டம் இயற்றியது. வேலை நேரம், விடுமுறை, பிரசவ உதவி எல்லாவற்றுக்கும் அதில் வழி செய்திருந்தார்கள்; வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களையும் சேர்த்திருந்தார்கள். கண்ணூர்ப் பக்கத்தில் அந்தச் சட்டத்துக்கு உட்பட மனமில்லாத மங்களூர் பீடி முதலாளிகள் பட்டறைகளை மூடிவிட்டார்கள். வேலை இழந்தவர்கள் 1969ல் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, பத்திரிகை வாசிக்கும் வழக்கத்தையும் அங்கே காப்பாற்றிக்கொண்டார்கள். மற்ற இடங்களில் வேலை பட்டறையிலிருந்து கலைந்து வீடுகளுக்குப் போயிற்று. திருநெல்வேலிப் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்தால் இது புரியும்.

வீட்டில் இருந்தபடி செய்யும் வேலை என்றால் கேட்க இதமாகத்தான் இருக்கிறது. வெயிலில் அலைய வேண்டாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் புகையிலைத் தூளும் நெடியும் அந்தக் குழந்தை தூங்கும் அறையிலேயேதான் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவளுக்கு ஆயிரத்துக்கு என்ன கூலி என்று கேட்டறிய ஆள் இல்லை. ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு, “இது அநியாயம் அல்லவா?” என்று திரும்பிச் சொல்லவும் ஆள் இல்லை. கொட்டிலில் கூலி குறைவுதான், முதுகு வலிதான். ஆனாலும் நாலு பேர் சேர்ந்து ஒரே கதையைக் கேட்டார்கள்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். என் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைக்கும் கனவான்களிடம் எனக்கு நன்றி உண்டு. ஆனால் அன்றாடக் கூலியில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்து, “இன்றைக்கு இந்தக் கதையைப் படி” என்று கேட்டவர்கள் சுருட்டுச் சுற்றிய மனிதர்கள். அவர்களைவிட மேலான வாசகர்கள் எந்த எழுத்தாளனுக்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.