மௌனப் படக் காலம் – 9: கடிகார முள்ளும் எட்டு விரல்களும்

சாப்ளின், கீட்டனுக்கு அடுத்தபடி சொல்ல வேண்டிய பெயர் ஹரால்ட் லாயிட். பெயர் பிடிபடாதவர்களுக்கும் ஆளைத் தெரியும். வட்டக் கண்ணாடியும் கோட்டுமாக, நடுவானில் ஒரு கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குவாரே, அவர்தான்.

1919 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. லாயிடுக்கு வயது 26. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் விளம்பரப் படம் எடுக்கிறார்கள். கையில் வைத்திருக்கும் குண்டின் திரியிலேயே அவர் சிகரெட் பற்றவைப்பதாக ஒரு வேடிக்கை போஸ். டம்மிக் குண்டுகளோடு நிஜக் குண்டு ஒன்றும் கலந்துவிட்டது. திரியின் புகை முகத்தை மறைத்ததால் கையைச் சற்றுக் கீழே இறக்கினார். அந்த நொடியில் அது வெடித்தது. கை இறங்கியிருந்ததால் தலை தப்பியது. வலக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. முகம் வெந்து, பார்வையே போய்விடுமோ என்று பயந்தார்கள். நல்லவேளை, கண் திரும்பியது.

பாதியில் நின்ற 'ஹாண்டட் ஸ்பூக்ஸ்' படத்தைச் சில மாதங்களில் திரும்பி வந்து முடித்தார். வலக்கையில் சதை நிறத்தில் மெல்லிய கையுறை. அதில் இரண்டு பொய் விரல்கள். அதைச் செய்து கொடுக்க உதவியவர் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் என்பார்கள். நம்பலாம், சினிமாவுக்கு வருமுன் மனிதர் கையுறை வியாபாரத்தில்தான் இருந்தார்.

கட்டைவிரலை மடக்கிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் 1923-இல் 'சேஃப்டி லாஸ்ட்'டில் கட்டடம் ஏறினார். உயரமான கட்டடங்களின் மொட்டைமாடியில் பொய்ச் சுவர் எழுப்பி, கீழே தெரு தெரியும்படி கேமராவை வைத்தார்கள். சுவருக்கடியில் ஒரு மேடை, அதில் மெத்தைகள். ஒத்திகைக்காக ஒரு பொம்மையைப் போட்டுப் பார்த்தபோது அது மெத்தையில் பட்டுத் துள்ளித் தெருவில் போய் விழுந்ததாக லாயிடே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறார், பாருங்கள்!

இதே படத்தில் நண்பனாக வரும் பில் ஸ்ட்ரோதர், நிஜத்தில் கட்டடம் ஏறி வித்தை காட்டுபவர். படப்பிடிப்புக்கு முன் கால் ஒடிந்துவிட்டதால் அவர் பாத்திரத்துக்கு 'நொண்டி பில்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காயம் கதையில் ஏறியது. நாயகனின் காயமோ கையுறைக்குள் போனது. இது வெறும் கூச்சமல்ல, தொழில் கணக்கு என்றே எனக்குப் படுகிறது. முள்ளில் தொங்குபவனைப் பார்த்து அரங்கம் அலற வேண்டும், கூடவே சிரிக்கவும் வேண்டும். 'ஐயோ, அந்தக் கையோடயா!' என்று ஒருவர் உச்சுக் கொட்டினால் போதும், சிரிப்பு செத்துவிடும்.

லாயிட் 1971-இல் காலமானார். அதற்குப் பிறகுதான் ஹார்வி பாரி என்ற சண்டைக் கலைஞர், தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் ஏறியது தான்தான் என்று வாய் திறந்தார். ஸ்ட்ரோதரும் அப்படிச் சில காட்சிகளில் ஏறியிருக்கிறார். ஆனால் முகம் தெரியக் கடிகாரத்தில் தொங்குவது லாயிடேதான். அடுத்த முறை அந்தக் காட்சி கண்ணில் பட்டால், முகத்தை விட்டுவிட்டு வலக்கையைக் கவனியுங்கள்.

(தொடரும்)