அங்கே போய்ப் பாருங்கள்!

ஒரே ஒரு எழுத்து. அது இடம் மாறிய காரணத்துக்காக இந்த நாட்டில் ஓர் அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நம்புவீர்களா?

1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் 27-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சரக்கைச் சுமக்கிற ஆளுக்குப் பின்னால் நின்று பணம் போடுகிறாரே, அந்தப் பெரிய மனிதருக்கானது. குறைந்தது 10 வருஷம், அதிகபட்சம் 20 வருஷம் கடுங்காவல். சரி, எந்தெந்தக் காரியத்துக்குப் பணம் போட்டால் இந்தத் தண்டனை? அதை 27-ஏ தன் வாயால் சொல்லாது. 'இரண்டாம் பிரிவில் எட்டு-ஏ என்று ஓர் இடம் இருக்கிறது, பட்டியல் அங்கே, போய்ப் பார்' என்று கை காட்டிவிடும்.

2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். வலியில் துடிக்கிற நோயாளிகளுக்கு மருந்து சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்கிற நல்ல எண்ணம்தான். அதற்காக 'அத்தியாவசிய போதை மருந்து' என்று புதிதாக ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள். அது வந்து எட்டு-ஏவில் உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே அங்கே இருந்த பட்டியல் எட்டு-பிக்கு நகர்ந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது. 27-ஏவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் பழைய விலாசத்தையே காட்டிக்கொண்டு நின்றது.

சில வருஷம் ஓடியது. திரிபுராவில் ஒரு வழக்கில் சிக்கிய ஆசாமியின் தரப்பு இதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. 'நீங்கள் சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தோம். அங்கே குற்றம் எதுவும் இல்லையே, மருந்துக்கு விளக்கம்தானே இருக்கிறது? இல்லாத குற்றத்துக்கு எப்படி உள்ளே வைப்பீர்கள்?' நியாயமான கேள்வி. 2021-ல் உயர் நீதிமன்றம், முதலில் இதைச் சரிசெய்யுங்கள் என்று மத்திய அரசிடம் சொல்ல, செப்டம்பர் 30-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மசோதா. அதுவும் 2014 மே 1 முதலே செல்லும் என்று பின்தேதியிட்டு. குற்றவியல் சட்டத்துக்கு இப்படிப் பின்தேதி போடலாமா என்று அதற்கொரு தனி சண்டை.

ஓர் எழுத்தைத் திருத்த இத்தனை பாடு. ஏனென்றால் சட்டப் புத்தகத்தில் பேனாவை வைக்கும் அதிகாரம் படிக்கிறவருக்கு இல்லை.

இப்போது உங்களை வேறொரு உலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். அங்கேயும் இதே வியாதி உண்டு, தினம் தினம் உண்டு. ஆனால் அங்கே படிக்கிறவர் கையில் பேனா இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் என்கிற கட்டற்ற மென்பொருள்களும் அவற்றின் கையேடுகளும்தான் அந்த உலகம்.

அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பிள்ளை வேலை. என்னைப்போல் பி.காம். படித்தவர்கள் முதல் வருஷமே மனப்பாடம் செய்கிற ஒரு சங்கதி, ஜர்னலில் 'எல்.எஃப்.' என்று போட்டிருக்கும் ஒல்லியான கட்டம். லெட்ஜர் ஃபோலியோ. இந்தப் பதிவு லெட்ஜரில் எத்தனையாவது பக்கத்துக்குப் போனது என்று அங்கே குறிக்க வேண்டும். லெட்ஜரில், இது ஜர்னலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும். இது உன்னைக் காட்டும், அது என்னைக் காட்டும். 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூகா பச்சோலி என்கிற பாதிரியார் அச்சிட்ட கணக்குப் புத்தகத்திலேயே, ஜர்னலின் ஓரத்தில் லெட்ஜர் பக்க எண்ணைக் குறித்துவை என்கிற யோசனை இருக்கிறது.

இன்னொன்றையும் அதே வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். ராமசாமி கணக்கில் எழுத வேண்டிய தொகையைக் கிருஷ்ணசாமி கணக்கில் எழுதிவிட்டால் டிரையல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காது. இரண்டு பக்கமும் அழகாக டாலியாகும். தப்பு மட்டும் உள்ளே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கம்ப்யூட்டர் உலகுக்கு வருவோம். 1971 நவம்பரில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸுக்கு முதல் கையேடு போட்டார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓரிரு பக்கம். அதன் கடைசிப் பகுதியில் இரண்டு தலைப்புகள். ஒன்று, 'இதையும் பார்க்க'. இன்னொன்று, 'பிழைகள்'. எங்கள் சரக்கில் இன்னின்ன கோளாறு இருக்கிறது என்று செய்தவர்களே எழுதிவைத்தார்கள். சோப்பு, சீப்பு விற்கிற யாராவது இப்படிச் செய்வார்களா?

அந்தத் தலைமுறையில் இன்னொரு மகானுபாவர், டொனால்ட் நூத். தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட் செக் அனுப்புவார். 256 என்பது கம்ப்யூட்டர்காரர்களின் செல்ல எண். வாங்கியவர்களில் பலர் அதை பேங்க்கில் போடவே இல்லை. ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். செக் மோசடி பயத்தால் 2008-ல் நிஜ செக்கை நிறுத்திவிட்டு, கற்பனை பேங்க் ஒன்றின் பெயரில் சான்றிதழ் தர ஆரம்பித்தார். அதற்கும் மவுசு குறையவில்லை. பிழை சொல்கிறவரை எதிரியாக நினைக்காமல் கூட்டாளியாக நினைக்கும் பண்பாடு அங்கிருந்து வந்தது.

1980-களில் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். நிரலைத் திருத்த உரிமை வேண்டும் என்பது அவர் கட்சி. கூடவே இன்னொன்றும் சொன்னார். நிரலைத் திருத்திவிட்டு, கையேட்டைத் திருத்த முடியாவிட்டால் என்ன பயன்? புது நிரலுக்குப் பழைய கையேடு, புது வீட்டுக்குப் பழைய விலாசம் மாதிரி. அதனால் கையேட்டையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று 2000-ல் அதற்கென்றே தனி உரிமம் எழுதினார்கள்.

அவரும் பாப் சாஸெல் என்பவரும் கையேடு எழுதவே ஒரு கருவி செய்தார்கள். பெயர் டெக்ஸ்இன்ஃபோ. ஒரே மூலத்திலிருந்து அச்சுப் புத்தகமும் வரும், திரையில் படிக்கிற வடிவமும் வரும். 'அங்கே பார்' என்று சொல்ல இதில் மூன்று கட்டளைகள். எக்ஸ்ரெஃப் என்று போட்டால் 'ஸீ' என்ற ஆங்கிலச் சொல்லை அதுவே பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளும். வாக்கியத்தின் தொடக்கத்துக்கு. பிஎக்ஸ்ரெஃப், அடைப்புக்குறிக்குள் போட. 'ஸீ' உண்டு, சின்ன எழுத்தில். வெறும் ரெஃப், விலாசத்தை மட்டும் தரும், 'ஸீ' கிடையாது.

இதில்தான் ஆயிரம் பேர் வழுக்கி விழுந்தார்கள். கருவி தானாகப் போடும் என்பதை மறந்து, எழுதுகிறவரும் ஒரு 'ஸீ' போட்டுவிடுவார். அச்சில் 'ஸீ ஸீ' என்று வரும். தமிழில் சொன்னால் 'பார்க்கப் பார்க்க மூன்றாம் அத்தியாயம்'. ஏதோ காதல் பாட்டு மாதிரி. எழுதியவர் தன் திரையில் பார்க்கும்போது பெரிதாக உறுத்தாது, காகிதத்தில் வந்தால் பல்லிளிக்கும். இன்னொரு வகை, 'கீழே காண்க'. எழுதியபோது அது கீழேதான் இருந்தது. பிறகு யாரோ அந்தப் பகுதியை வேறு கோப்புக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். படிக்கிறவர் கீழே கீழே என்று கடைசி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொள்வார்.

நான் சொல்ல வந்த விஷயமே இந்த நொந்துகொள்ளல்தான். விவரம் தெரிந்தவருக்கு உடைந்த வழிகாட்டியால் நஷ்டமே இல்லை. அவருக்கு வழி தெரியும், பலகையைப் பார்க்கவே மாட்டார். பலகையை நம்பி நடக்கிற புது ஆள்தான் பள்ளத்தில் விழுவார்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரையே தேடச் சொல்லலாமே என்பீர்கள். சொல்கிறார்கள். 2016 முதல் லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களைப் புது வடிவத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். கோப்புகளின் பெயர் மாற மாற, மற்ற கோப்புகள் காட்டிய விலாசமெல்லாம் செல்லாமல் போயிற்று. செத்த விலாசங்களைத் தேடிப் பிடிக்க ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி, கெர்னலோடேயே சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு எல்லை உண்டு. விலாசத்தில் வீடே இல்லை என்றால் அது கண்டுபிடிக்கும். வீடு இருக்கிறது, உள்ளே இருப்பது வேறு குடும்பம் என்றால்? அதற்குத் தெரியாது. டிரையல் பேலன்ஸ் கதைதான். நம் 27-ஏவை எந்த ஸ்கிரிப்ட்டில் போட்டிருந்தாலும் பாஸாகியிருக்கும். எட்டு-ஏ என்று ஓர் இடம் இருக்கிறதே! அங்கே போய், படித்து, 'இது அது இல்லையே' என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

தமிழுக்கு வந்தால் கூத்து இன்னும் ஜாஸ்தி. ஆங்கிலத்தில் 'பார்' முதலில் வரும், பெயர் பின்னால் வரும். மெஷின் எந்தப் பெயரை ஒட்டினாலும் வாக்கியம் நிற்கும். தமிழில் பெயர் முன்னால் வந்து, அதன் வாலில் 'ஐ' ஒட்ட வேண்டும். 'படம்' என்பது 'படத்தை' என்றாக வேண்டும். மெஷின் 'படம்ஐப் பார்க்க' என்று போடும். 'கோப்பு' இன்னும் மோசம். இலக்கணப்படி சரியாகச் சேர்த்தால் 'கோப்பை'. டீ குடிக்கிற கோப்பையா என்று படிக்கிறவர் குழம்புவார். இதற்கு எளிய வழி, 'பார்க்க:' என்று போட்டுவிட்டுப் பெயரைத் தொடாமல் பின்னால் வைத்துவிடுவது. நம் அகராதிக்காரர்களின் பழைய 'காண்க' உத்தி, புதுக் கருவிக்கும் கைகொடுக்கிறது.

சரி, திருத்துவது எப்படி? 1985-ல் லாரி வால் 'பேட்ச்' என்றொரு நிரல் எழுதினார். பெயரே 'ஒட்டு'தான். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மெயிலில் அனுப்பினால் போதும், அந்தப் பக்கம் இருப்பவர் ஒட்டிக்கொள்வார். இப்போது அதுவும் வேண்டாம். கிட்ஹப்பில் பென்சில் படத்தை அழுத்தி, வரியை மாற்றி, ஏன் மாற்றினேன் என்று ஒரு வாக்கியம் எழுதி அனுப்பலாம். பராமரிப்பவர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார். திருத்தியவர் பெயர் வரலாற்றில் நிற்கும்.

இவ்வளவு சுலபமாகிவிட்டதால் ஒரு விபரீதமும் நடந்தது. டிஜிட்டல்ஓஷன் என்ற நிறுவனம் 2014 முதல் அக்டோபர் மாதத்தில் ஒரு விழா நடத்துகிறது. 2020-ல் விதி என்னவென்றால், நான்கு திருத்தம் அனுப்பினால் டீ-ஷர்ட். இந்திய யூட்யூப் சேனல் ஒன்றில், திருத்தம் அனுப்புவது எப்படி என்று பாடம் எடுத்தார்கள். உதாரணத்துக்குக் காட்டிய 'அமேசிங் ப்ராஜெக்ட்' என்ற வாசகத்தையே பலர் காப்பியடித்து, கண்ணில் பட்ட கையேடுகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். பராமரிப்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்ட்டுகளுக்கு மட்டும்தான் இனி அனுப்பலாம் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அவர்கள் செய்த தப்பு ஆசைப்பட்டது அல்ல. படிக்காமலே திருத்தப் போனது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? சென்னைக்கு மேற்கே ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். 1960-களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள். 1965-ல் முதல் விஜயந்தா டாங்க்கைத் தந்த ஆவடி தொழிற்சாலை. அங்கெல்லாம் ஒரு வரைபடத்தைப் பிரித்தால், 'விவரம் பி பார்க்க', 'குறிப்பு 3 பார்க்க' என்று கை காட்டிக்கொண்டே இருக்கும். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புது உதிரி பாகத்தைக் கடைந்தால், இரும்பு வீண், கூலி வீண். அதைக் கடைகிறவரே கண்டுபிடித்தாலும் வரைபடத்தில் கை வைக்க முடியாது. வரைந்த ஆபீஸுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அந்தப் பட்டறைக்காரர்களின் பிள்ளைகள் இன்று பூந்தமல்லி–ஆவடி ரோட்டைச் சுற்றியுள்ள இன்ஜினீயரிங் காலேஜ்களில் படிக்கிறார்கள். அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனிகள் வந்து வருஷக்கணக்காகிறது. பட்டாபிராமில் 2024-ல் டைடல் பார்க்கும் திறந்தாயிற்று. இன்டர்வியூவில் கேட்கிறார்கள்: 'ஓப்பன் சோர்ஸில் ஏதாவது செய்திருக்கிறாயா தம்பி?' தம்பி விழிக்கிறார். இங்கிலீஷ் தகராறு, பெரிய நிரல் எழுதத் தெரியாது, நமக்கு எங்கே இதெல்லாம் என்று ஒதுங்கிவிடுகிறார்.

அந்தத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தயக்கம்தான் உங்கள் தகுதி. கையேட்டை வரி வரியாக, விரல் வைத்துப் படிக்கிறவர் நீங்கள். 'கீழே காண்க' என்றால் நிஜமாகவே கீழே போய்ப் பார்க்கிறவரும் நீங்கள்தான். அமெரிக்காவில் உட்கார்ந்து அதை எழுதிய நிபுணரின் கண்ணுக்கு அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது. அடுத்த முறை சொன்ன இடத்தில் சொன்ன சரக்கு இல்லையென்றால், 'எனக்குத்தான் புரியவில்லை' என்று மூடி வைக்காதீர்கள். இன்னொரு தரம் படியுங்கள். தப்பு அவர்களுடையதுதான் என்று உறுதியானதும் பென்சில் படத்தை அழுத்துங்கள். ஒரே ஒரு வார்த்தை மாறும், அவ்வளவுதான். ஆனால் உங்களுக்குப் பிறகு, உங்களைப்போலவே மெதுவாகப் படித்துக்கொண்டு வருகிற எவரோ ஒருவர் அந்த இடத்தைத் தடுக்கி விழாமல் தாண்டிப்போவார்.